சத்தம் போடாத டயப்பர்

அன்புள்ள அம்மா,

நான் நன்றாக இருக்கிறேன். உன் முழங்கால் தேவலையா?

டயப்பர் கட்டிவிட்டால், "நடந்தா சரசரன்னு கேக்குது, வர்றவங்க சிரிப்பாங்க" என்று அப்பா பிய்த்துப் போட்டுவிடுவதாக எழுதியிருந்தாய். இங்கே மருந்துக்கடையில் மூன்று வகை இருந்தது. எது சத்தம் போடாது என்று கேட்டேன். "போட்டவங்க யாரும் வந்து சொல்லலையே தம்பி" என்றார் கடைக்கார அம்மா.

சரி, நாமே போட்டுப் பார்ப்போம் என்று மூன்றையும் வாங்கினேன். ஒன்று நடக்கும்போதே காட்டிக்கொடுத்தது. இன்னொன்று தொடையை அறுத்தது. மூன்றாவது ஜட்டி மாதிரி இழுத்துப் போடுவது. அதைப் போட்டுக்கொண்டு கிடங்கில் எட்டு மணி நேரம் பெட்டி அடுக்கினேன். சிரிக்காதே, அதிலேயே ஒன்றுக்குப் போயும் பார்த்தேன். ஒரு சொட்டு வெளியே வரவில்லை.

அதையே அனுப்புகிறேன். அப்பாவின் இடுப்பை நூலால் அளந்து, அந்த நூலையே கடிதத்தில் வைத்து அனுப்பு. அளவு முடியும் இடத்தில் முடிச்சை அப்பா கையால் போடச் சொல்.

வேலைக்கு வண்டி வந்துவிட்டது. அப்பாவிடம் இதைச் சொல்: "உங்க பையன் அதப் போட்டுக்கிட்டு நாள் முழுக்க நாலு பேர் நடுவுல நின்னான். ஒருத்தரும் திரும்பிப் பாக்கல."

மற்ற நாட்களிலும் யாரும் பார்ப்பதில்லை. அதை மட்டும் சொல்லாதே.

உன் மூத்தவன்