தண்டவாளத்தைத் தொடாதீர்கள்

என்னங்க,

உங்கள் பொம்மை ரயில் மேஜைப் பக்கம் போகாதீர்கள். சின்னவளைப் பள்ளியில் விட்டுவந்து, ஈரத்துணியால் மேஜையைத் துடைத்தேன். தண்டவாளம் என்னைத் தூக்கி எறிந்தது. கை முழங்கை வரை இன்னும் மரத்திருக்கிறது.

மெயினை அணைத்துவிட்டு மேஜைக்கடியில் பார்த்தேன். சுவரிலிருந்து வரும் இருநூற்று முப்பது வோல்ட் வயரில் நீங்கள் ஒட்டுப்போட்ட இடத்தில் டேப் சூட்டில் இளகி அவிழ்ந்திருக்கிறது. அந்தச் செம்பு, தண்டவாளத்துக்குப் போகும் கம்பியின் மேல் கிடக்கிறது.

"பன்னிரண்டு வோல்ட்டில எறும்புகூடச் சாகாது, நீ சும்மா இரு"ன்னு நேற்று சிரித்தீர்கள். நானும் கோபத்தில் சும்மா இருந்துவிட்டேன்.

ரயில் வரும் சத்தம் கேட்கச் சின்னவள் தண்டவாளத்தில் கன்னத்தை வைத்துப் படுப்பாளே. இன்று காலையும் ஸ்விட்சைப் போட்டுவிட்டுக் குனிந்தாள். நேரமாச்சு என்று கையைப் பிடித்து இழுத்துப் போனேன். வழியெல்லாம் அழுதாள்.

சாப்பாடு மூடி வைத்திருக்கிறேன். ஃபிரிட்ஜ் ஓடாது, பாலைக் காய்ச்சிவிடுங்கள். சின்னவளைப் பள்ளியிலிருந்து அழைத்துக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போகிறேன். நாலு மணிக்கு எலக்ட்ரீஷியனோடு வருவேன். அவரிடம் வாதாடாதீர்கள்.

பி.கு.: மெயின் ஃபியூஸைத் தேடாதீர்கள், என் கைப்பையில் இருக்கிறது. "ஒரே ஒரு தடவை ஓட்டிப் பார்க்கிறேன்" என்று குனிவீர்கள். வீட்டில் உங்களைத் தூக்கிவிட யாரும் இல்லை.