பாட்டு முடிந்தபின் நாற்பத்திரண்டு வினாடி

சத்தியவேடு,
ஞாயிறு மாலை.

பிரியமுள்ள கேசியாவுக்கு, பென்னி எழுதுவது. ஆண்டவர் கிருபையால் இங்கே சுகம். குவைத் வெயிலும் வார்டு வேலையும் உன்னை அதிகம் படுத்தாமல் இருக்க ஜெபிக்கிறேன்.

ஆஸ்பத்திரியில் இன்னும் இரண்டு வருடத்துக்குக் கையெழுத்துக் கேட்கிறார்கள் என்று வியாழக்கிழமை போனில் சொன்னாய். நல்லதுதானே என்றேன். அதற்குமேல் எனக்குப் பேச்சு வரவில்லை. நீயும் டியூட்டிக்கு நேரமாகிறது என்று வைத்துவிட்டாய். அதனால்தான் இந்தக் கடிதம்.

பிச்சாட்டூர் போய் உன் அம்மாவைப் பார்த்தேன். முட்டிவலி பரவாயில்லை. இளைத்துவிட்டேன் என்று சொல்லிச் சொல்லி மூன்று தரம் சோறு போட்டார்கள். நீ எப்போது வருவாய் என்று மட்டும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை.

சபையில் எனக்கொரு வேலை கொடுத்திருக்கிறார்கள். அலமாரியில் கிடக்கும் பாட்டு சிடிகளுக்குப் பட்டியல் போட வேண்டும். பாதி சிடிகளில் மேலே எழுதியதே அழிந்துவிட்டது. சிடியைக் கம்ப்யூட்டரில் போட்டால் அது எந்த ஆல்பம் என்று கண்டுபிடிக்க, பைதான் லைப்ரரி என்று ஒரு சின்ன புரோகிராம் இருக்கிறது என்று ஃபேக்டரியில் வெங்கட் சொன்னான். இன்ஸ்டால் செய்தேன், ஓடவில்லை. மறுபடியும் அதையே செய்தேன். அதற்கு அடியில் இன்னொரு லைப்ரரியும் வேண்டும் என்று திரையிலேயே எழுதியிருந்தது. வழக்கம்போல நான் படிக்கவில்லை. நீ இருந்திருந்தால் தலையில் ஒரு தட்டு தட்டிக் காட்டியிருப்பாய்.

அதையும் போட்டபின் ஓடியது. அந்தப் புரோகிராம் பாட்டைக் கேட்பதே இல்லை. எந்தப் பாட்டு எங்கே தொடங்குகிறது, சிடி எங்கே முடிகிறது என்று அளவு மட்டும் பார்க்கிறது. அந்த அளவை வைத்து இணையத்தில் பெயரைத் தேட வேண்டும்.

நாற்பது சிடிக்குப் பெயர் வந்தது. ஒன்றுக்கு மட்டும் இல்லை என்றது. போட்டுக் கேட்டேன். நம் பாடகர் குழு பாடியது, நம் கல்யாணத்துக்கு முன்னால் நான் ரெக்கார்ட் செய்தது. கடைசிப் பாட்டு உன்னுடையது. பாட்டு முடிந்தபின் நாற்பத்திரண்டு வினாடி சும்மா ஓடுகிறது. நிறுத்த மறந்து உன்னையே பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன். அப்புறம் உன் குரல்: "பாடி முடிச்சிட்டேங்க. இன்னும் இன்னா பாத்துக்கினு கீறீங்க?"

நீ என்னிடம் பேசிய முதல் பேச்சு அதுதான். அன்றைக்கும் நான் பதில் சொல்லவில்லை.

பெயர் இல்லாத சிடிக்கு நாமே இணையத்தில் பெயர் சேர்க்கலாமாம். பாடியவர் என்ற இடத்தில் குழுவின் பெயரைப் போடாமல் உன் பெயரைப் போட்டேன். குழுச் செயலாளர் சாந்தகுமார் அண்ணன் கோபித்துக்கொள்வார், கொள்ளட்டும். பிறகு இன்னொரு தரம் ஓட்டினேன். கேசியா என்று திரையில் வந்தது. வீட்டில் யாரும் இல்லை என்பதால் கொஞ்ச நேரம் அழுதேன்.

முப்பதாம் தேதிக்குள் நீ ஆஸ்பத்திரிக்குப் பதில் சொல்ல வேண்டும். நல்லதுதானே என்று நான் சொன்னது பொய். என்னால் தனியாக இருக்க முடியவில்லை. போகும்போது உன்னைக் காத்த ஆண்டவர் வரும்போதும் காப்பார். அந்த வேலையை அவருக்குச் சீக்கிரம் கொடு.

உன்
பென்னி