நாரை வராத ஊரில் அசென்

பாசர்ஜிக்
ஜூன் 9

அன்பு மகள் மிலேனாவுக்கு அப்பா எழுதுவது.

இங்கே நாங்கள் இருவரும் நலம், அம்மாவுக்கு முழங்கால் தொல்லை, எனக்கு அம்மா தொல்லை, மற்றபடி குறையொன்றுமில்லை. நீங்கள் மூவரும் அங்கே நார்வேயில் நலம்தானே என்று வழக்கம்போலக் கேட்டுவைக்க மனம் வரவில்லை, ஞாயிற்றுக்கிழமை போனில் நீ அழுதது இன்னும் காதை விட்டுப் போகவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம். போனில் பேசினால் நீ அழுவாய், நான் கத்துவேன், நடுவில் அம்மா பிடுங்கிக்கொண்டு உனக்கு இருமல் மருந்து சொல்வாள், சொல்ல வந்தது போய்விடும். அசெனுக்கு வயதுக்கேற்ற சிந்தனை வளரவில்லை என்று பள்ளியில் சொல்கிறார்கள், படங்களை வரிசைப்படுத்தச் சொன்னால் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை, நாள் முழுக்க ஜன்னலையே வெறிக்கிறான், இந்த மாதக் கடைசியில் கூடிப் பேசி அவனை மற்றப் பிள்ளைகளிடமிருந்து பிரித்துத் தனி வகுப்பில் போடப் போகிறார்கள் என்றாயே, அன்று இரவு உன் அம்மா சாப்பிடவே இல்லை. நான் விடியும்வரை கேட்டுக்கொண்டே கிடந்தேன், என் பேரனா, போன கோடையில் வீடியோவில் என் பொய்ப்பல்லை எண்ணிக் காட்டியவனா என்று.

ஆனால் நீ போனை வைக்கும்போது போகிற போக்கில் ஒன்று சொன்னாய், போதாக்குறைக்கு அந்த ஆசிரியை அவன் மணிக்கட்டில் கிடந்த அழுக்கு நூலை வெட்டப் போனாள், அவள் கையைக் கடித்துவிட்டான் என்று. நான் அதைக் கவனிக்கவில்லை, ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டே அடுப்பில் குடைமிளகாய் சுட்டுக்கொண்டிருந்த அம்மாதான் கரண்டியோடு திரும்பினாள். "அடப்பாவமே, நான் அனுப்பின மார்த்தெனிட்சா நூலா? மார்ச் ஒண்ணாம் தேதி கட்டினதுய்யா அது, ஜூன் ஆச்சே, இன்னுமா அவிழ்க்கல?" என்றாள். அப்புறம் அவளே முகம் வெளுத்துப்போய், "நாரையைக் கண்ணால பார்த்தாத்தான் கழட்டணும் தங்கம்னு நான்தான் அவன்கிட்ட போன்ல சொன்னேன். மரம் பூத்தாலும் கழட்டலாம்னு சொல்ல விட்டுப்போச்சே!" என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

மிலேனா, உனக்கு உன் நாலு வயது ஞாபகம் இருக்கிறதா? நான் லிபியாவில் சாலை போடப் போயிருந்தேன். அப்பா ஆப்பிரிக்காவில் இருக்கிறார், நாரைகளும் அங்கேதான் இருக்கின்றன, வசந்தம் வந்தால் எல்லாரும் வருவார்கள் என்று அம்மா உனக்குச் சொல்லிவைத்திருந்தாள். நீ என்ன செய்தாய், மழலையர் பள்ளியில் மதியம் எல்லாப் பிள்ளைகளும் தூங்கும்போது கைவேலைக் கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு கட்டில் கட்டிலாகப் போய் ஒவ்வொரு கையிலும் இருந்த சிவப்பு வெள்ளை நூலை வெட்டித் தள்ளிவிட்டாய். சாயங்காலம் தாய்மார்கள் சண்டைக்கு வந்துவிட்டார்கள், நாரை வருமுன் வெட்டினால் பிள்ளைக்கு வருஷம் பூரா ஆகாதே என்று. அத்தனை பேருக்கும் நடுவில் நின்று நீ சொன்னாயாம், "நூலை எடுத்தா நாரை வரும், நாரை வந்தா எங்கப்பா வருவாரு, எல்லாரும் கட்டிக்கிட்டே இருந்தா அவரு எப்படி வருவாரு?" சண்டைக்கு வந்தவர்களில் ஒருத்தி அங்கேயே அழுதுவிட்டாளாம், அவள் புருஷனும் என்னோடு லிபியாவில்தான் இருந்தான்.

கூத்து என்னவென்றால் அந்த ஏப்ரலிலேயே எனக்கு மஞ்சள் காமாலை வந்து ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். கதவைத் திறந்தால் நீ என்னைப் பார்க்கவில்லை, அம்மாவைத்தான் பார்த்தாய், பாத்தியா என்கிற மாதிரி. அடுத்த வருஷம் மரித்சா ஆற்றங்கரையில் உன்னைத் தோளில் வைத்துக்கொண்டு போகும்போது நெல் வயலில் முதல் நாரையைப் பார்த்தோம். நீ குதிக்கவில்லை. "அப்பா, நாரைக்கு நம்ம நூலைப் பத்தித் தெரியுமா?" என்று கேட்டாய். தெரியாதும்மா என்றேன். பாலம் வந்ததும் மெதுவாக, "அப்ப நான் வெட்டலைன்னாலும் நீ வந்திருப்ப" என்றாய். பிள்ளைக்கு அறிவு வளர்ந்திருக்கிறது, எது எதனால் நடக்கிறது என்று தானாகவே பிரித்துப் பார்த்துவிட்டாள், நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். படவில்லை. கத்தரிக்கோலால் என்னை வரவழைத்த குழந்தையை அன்றைக்குத்தான் நான் கடைசியாகப் பார்த்தேன். அந்தக் காலத்தை நினைத்தால் இப்போதும் தோள் கனக்கிறது, நீ அப்படி ஒன்றும் கனம் இல்லை, எலும்பும் தோலுமாக இருப்பாய்.

விஷயத்துக்கு வருகிறேன். நேற்று நீ வேலைக்குப் போயிருந்த நேரம் பார்த்து அழைத்தேன், மாப்பிள்ளை போனை அசெனிடம் கொடுத்தார். வகுப்பில் ஜன்னலில் என்னடா பார்க்கிறாய் என்று கேட்டேன். "வானத்தைப் பாக்குறேன் தாத்தா, நான் அந்தப் பக்கம் திரும்புற நேரத்துல நாரை போயிட்டா?" என்றான். சரி, டீச்சர் படம் அடுக்கச் சொன்னால் அடுக்க வேண்டாமா என்றேன். "படம் மேஜைலயேதான் இருக்கும், எப்ப வேணா அடுக்கலாம். நாரை அப்படியா?" என்றான். எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் நிறைந்தது. நூலை எடுத்தால் நாரை வரும் என்று இருந்தவள் நீ, நாரை வந்தால்தான் நூலை எடுக்கலாம் என்று இருக்கிறான் உன் மகன், அதே வயதில் உன்னை முந்திவிட்டான், கோபித்துக்கொள்ளாதே.

நான் வைத்தியன் இல்லை. அவர்கள் சொல்வதில் உண்மையே இல்லை என்று சத்தியம் செய்யமாட்டேன், வேண்டுமானால் இன்னொரு தடவை சோதித்துப் பார்க்கட்டும், ஆனால் அவன் கை நூலுக்கு ஒரு முடிவு கட்டிய பிறகு பார்க்கட்டும். அந்த ஆசிரியையைத் திட்டாதே, பாவம், நார்வேயில் யார் கையில் நூலைக் கட்டிக்கொண்டு வானத்தைப் பார்க்கிறார்கள், கடி வாங்கியதுதான் அவளுக்கு மிச்சம். போய் உட்கார்ந்து எல்லாவற்றையும் விளக்கிச் சொல், உன் கதையையும் சொல். எந்தக் காகிதத்திலும் அவசரப்பட்டுக் கையெழுத்துப் போடாதே. மழையில் குடை இல்லாமல் நடக்காதே, இதை அம்மா எழுதச் சொன்னாள். உனக்கும் பிள்ளைக்கும் மாப்பிள்ளைக்கும் கடவுள் உடம்பில் தெம்பும் மனதில் நிம்மதியும் தரட்டும்.

ஒன்று மறந்துவிட்டேன், இல்லை, மறக்கவில்லை, எழுதத் தயங்கினேன். போனை வைக்கும் முன், உங்கள் ஊர்ப்பக்கம் நாரை வராதே கண்ணா, அப்புறம் என்ன செய்வாய் என்று கேட்டுத் தொலைத்தேன். "அப்ப நாரை இருக்குற ஊருக்கு நாமதான் போகணும். அம்மாவுக்கு ஏன் தாத்தா இது தெரியல?" என்றான். நீ இங்கே வந்து மூன்று வருஷமாகிறது. ஆற்றுப்பக்கத்துப் புகைபோக்கியில் இந்த வருஷமும் கூடு இருக்கிறது, குஞ்சுகள் தலையை நீட்டுகின்றன, ஆகஸ்ட் நடுவில் எல்லாம் கிளம்பிவிடும். அதற்குள் அவனை அழைத்துக்கொண்டு வா.

உன் அப்பா
கிரில்