கதவு பூட்டியிருந்தது

1946 ஜூலை 3, புதன்

வெற்றிலையில் சுண்ணாம்பு கூடி நாக்கு வெந்துவிட்டது. அதோடு கோர்ட்டுக்குப் போனால் இப்படி ஒரு சேதி. வாடகைக்கு இருப்பவர்களைக் கிளப்பக்கூடாது என்று யுத்தத்தின்போது போட்ட உத்தரவு போன மாதக் கடைசியோடு தீர்ந்துவிட்டதாம். என்னோடு அமீனாவாக இருக்கும் குழந்தைசாமி, "இனிமே நமக்கு வேலதாண்ணே" என்றான். நாலு வருஷமாகச் சம்மன் கொடுப்பதோடு பிழைப்பு ஓடியது. யார் வீட்டுச் சட்டி பானையையும் நான் தெருவில் வைக்கவில்லை.

யுத்த காலத்தை நினைத்து ஏங்குகிறவன் புதுக்கோட்டையில் நான் ஒருத்தன்தான் இருப்பேன். மண்ணெண்ணெய் கிடைக்காது. எங்களுக்கும் அடுத்த வீட்டுத் தையற்காரர் செபமாலைக்கும் ஒரே கிணறு, நடுவில் ஒரே சுவர். ஒரு அரிக்கேன் விளக்கைக் கிணற்றடியில் வைத்து இரண்டு குடும்பமும் சாப்பிடுவோம். அவர் பிள்ளைகள் மூன்றும் என் தட்டில்தான் கை வைக்கும். பிள்ளையில்லாத எங்களுக்கு அது ரேஷனில் கிடைக்காத சரக்கு.

ஜூலை 9

காலி செய்யச் சொல்லித் தீர்ப்பாகி நிறுத்தி வைத்திருந்த பழைய டிக்கிரியெல்லாம் எழுந்து வருகிறது. இந்த வாரம் மூன்று வீடு. ரங்கூனிலிருந்து வந்தவர்களும் பட்டாளத்திலிருந்து திரும்பியவர்களும் வீடு தேடி அலைகிறார்கள், வீட்டுக்காரர்களுக்குக் கொண்டாட்டம். இன்று ஒரு கிழவர் அடுப்புக்கல்லைத் தானே சுமந்துகொண்டு போனார். கை கொடுக்கப் போனேன். "நீங்க வேண்டாங்க" என்றார்.

ஜூலை 12, வெள்ளி

செபமாலை பேருக்கு வாரண்ட்.

எங்கள் இரண்டு பேருக்கும் ஆத்மநாதன்தான் வீட்டுக்காரர். நாற்பத்திரண்டிலேயே செபமாலை மேல் டிக்கிரி வாங்கி, உத்தரவு வந்ததால் சும்மா இருந்தார். வாரண்டைத் திருப்பி அதன் முதுகில் எழுதினேன்: 'போய்ப் பார்த்ததில் கதவு பூட்டியிருந்தது. ஆளில்லை.' எழுதும்போது சுவருக்கு அந்தப் பக்கம் தையல் மிஷின் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது. இருபத்திரண்டு வருஷ உத்தியோகத்தில் முதல் பொய். கையெழுத்து நன்றாகவே விழுந்தது.

ஜூலை 17

ஆடி பிறந்தது. ஆத்மநாதன் வீதியில் மறித்தார். "கதவு பூட்டியிருந்துச்சாமே? போகட்டும். ஆடியில எவன் வந்து பால் காச்சப் போறான்? ஆவணி பொறந்ததும் முடிச்சுக் குடுத்துருங்க."

சர்க்கார் கைவிட்டவரை ஆடி மாதம் பிடித்துக்கொண்டது. செபமாலை வேதக்காரர், அவருக்கு ஆடியும் ஒன்றுதான் ஆவணியும் ஒன்றுதான். இருந்தாலும் என் மனைவி அழகம்மாள் இன்று அவர் வீட்டுக்கு ஒரு சொம்பு கூழ் கொண்டுபோனாள்.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

செபமாலையோடு வீடு தேடி வல்லத்திராக்கோட்டை வரை நடந்தேன். போன வாரம் கீரனூரில் பார்த்தாயிற்று. எங்கும் இல்லை. ஒருத்தர் மாட்டுக் கொட்டகையைக் காட்டினார், மாடு இன்னும் உள்ளேதான் நின்றது. திரும்பும் வழியில் செபமாலை, "வாரண்டு இன்னொருத்தர் கையில வந்தா பயமா இருக்கும். நீங்களே வாங்கண்ணே" என்றார்.

ஆகஸ்ட் 19

இன்று செய்தேன்.

கட்டில், குதிர், மாதா படம், கத்தரிக்கோல் பெட்டி. ஒவ்வொன்றாக நானே வெளியே வைத்தேன். மிஷினைக் கடைசியாகத் தெருவில் இறக்கினேன். சாவியை ஆத்மநாதனிடம் கொடுத்துத் திரும்பினால், அழகம்மாள் எங்கள் வாசலில் நின்றாள்.

"ஒங்க வேல முடிஞ்சிருச்சுல்ல? இப்ப அந்த மிஷினத் தூக்கி இங்கிட்டு வைங்க."

வைத்தேன்.

செப்டம்பர் 11

ஒன்றரை அறையில் ஏழு பேர். நடுராத்திரி எழுந்தால் யாராவது ஒருத்தர் காலை மிதிக்காமல் முடியாது. மண்ணெண்ணெய் இப்போது கிடைக்கிறது, ஆனாலும் மறுபடி ஒரே விளக்கு. எனக்குப் பழைய நாள் திரும்பி வந்த சந்தோஷம். வெளியே சொன்னால் அடிப்பார்கள்.

1947 பிப்ரவரி 6

ஆத்மநாதன் என் மேலேயே வழக்குப் போட்டு ஜெயித்துவிட்டார். அவரைக் கேளாமல் உள்ளே வேறு குடி வைத்தேனாம். நான் எதிர்த்து வாதாடவில்லை. அவர் சொன்னதெல்லாம் உண்மை. முன்பு இருந்த உத்தரவு இருந்தால் என்னை அசைத்திருக்க முடியாது. தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். எனக்கு முன்னாலேயே தெரியும், அதனால் வலி ஒன்றும் குறையவில்லை.

மார்ச் 14, வெள்ளி

காலையில் குழந்தைசாமி வந்தான். கையில் என் பேருக்கு வாரண்ட். முகத்தைப் பார்க்காமல் கிணற்றைப் பார்த்தே பேசினான்.

"அண்ணே, ரெண்டு நாழி கதவப் பூட்டிட்டு எங்கிட்டாச்சும் போயிருங்க. மத்தத நான் எழுதிக்கிறேன்."

பூட்டினோம். ஏழு பேரும் பல்லவன் குளத்துப் படியில் உட்கார்ந்திருக்கிறோம். பிள்ளைகளுக்குத் திருவிழாவுக்கு வந்த மாதிரி இருக்கிறது. செபமாலை கழுத்தில் அளவு நாடாவைக் கழற்றாமலே வந்துவிட்டார்.

சின்னவன் என் மடியில் சாய்ந்து கேட்டான்: "பெரியப்பா, நம்ம வீட்ட ஏன் பூட்டுனோம்?"

"பூட்டியிருந்தாத்தாண்டா இன்னைக்கு அது நம்ம வீடு."

அழகம்மாள் இடுப்பில் சாவி இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.