விழுங்கிய வாக்கியம்

உன் அடக்கத்துக்கு நான் வராததால், உன்மேல் எனக்கு இன்னும் கோபம் என்று பேசிக்கொள்கிறார்கள். தவறு. கோபமில்லாதவர்கள் எல்லோரும் சாவுக்கு வந்துவிடுவார்கள் என்ற வாக்கியத்தை நடுவில் விழுங்கிவிட்டார்கள். வந்திருந்தால் உன்னிடம் ஒன்று கேட்டிருப்பேன். பிணத்திடம் கேள்வி கேட்பவளை ஊர் வேடிக்கை பார்க்கும். கோபமும் உண்டு, அது வேறு விஷயம்.

பெருங்கூட்டமாம், ஆகவே நீ நல்லவளாம். வந்தவர்களில் பாதிப்பேர் உன் மகனுடைய ஷூ கம்பெனி ஆட்கள். அவர்களுக்கு அன்று சம்பளத்தோடு விடுப்பு.

நேற்று உன் மகள் உன் கைப்பையைக் கொண்டுவந்தாள். "அம்மா இத உங்களுக்குத்தான் குடுக்கச் சொன்னாங்க ஆன்ட்டி." திறந்தேன். உள்ளே ஒன்றுமில்லை, தோல் வாசனை மட்டும்.

இந்த விளையாட்டை நீதான் கண்டுபிடித்தாய். கான்வென்ட்டில் நம் ஷூ நனைந்திருப்பதைப் பார்த்த சிஸ்டர், பாலாற்றில் இறங்கினீர்கள் என்று முட்டிபோட வைத்தார். நீ முட்டிபோட்டபடியே சொன்னாய்: "அதுக்குப் பாலாத்துல தண்ணி இருக்கணுமே சிஸ்டர்." வகுப்பே சிரித்தது. உனக்குப் புகழ், பக்கத்தில் இருந்த எனக்கும் சேர்த்துப் பிரம்படி. அதன்பின் யார் எதைச் சொன்னாலும், சொல்லாமல் விழுங்கிய வாக்கியத்தைத் தேடுவோம்.

கல்யாணமாகி ஆம்பூரில் பக்கத்துப் பக்கத்துத் தெருவில் குடியிருந்தோம். என் கணவர் தோல் பதனிடும் ஷாப்பில் சூப்பர்வைசர். ஒரு ஞாயிறன்று, மொச்சை உரித்தபடி நான் பெருமையாகச் சொன்னேன்: "பாவம்டி அவரு, நேத்தும் ஓவர்டைம். சட்டையெல்லாம் தோல் வாசன."

நீ தலையைக்கூட நிமிர்த்தவில்லை. "முழுங்கிட்டியேடி. இந்த ஊர்ல தோல் வாசன வராத வூடு எது? என் வூட்டுத் தலகாணிகூட அப்டித்தான் நாறுது."

"இன்னாடி சொல்ற?"

"ஒண்ணும் சொல்லல. நடுவுல இருக்கறத எடுத்துக் காட்னேன்."

அன்று சாப்பாட்டில், நேற்று நிஜமாகவே ஓவர்டைம்தானா என்று அவரைக் கேட்டேன். கையைக் கழுவிக்கொண்டு எழுந்துபோனார். சாகும்வரை பதில் சொல்லவில்லை. பேசாததால் குற்றவாளி என்று சொல்லமாட்டேன். அதற்குள்ளும் ஒன்று ஒளிந்திருக்கிறது. அவரை நம்பவும் முடியவில்லை, வெறுக்கவும் முடியவில்லை. ஒரு தவறுக்குள் நிம்மதியாகக் குடியிருந்தவளை, எழுத்துப்பிழை திருத்துவதுபோல் திருத்தினாய். அதோடு உன் வாசற்படி ஏறுவதை நிறுத்தினேன்.

பழக்கம் மட்டும் என்னை விடவில்லை. பையை எனக்கு விட்டுப்போனாய், ஆகவே ஒப்புக்கொண்டாய் என்று நேற்று முடிவுகட்டப் போனேன், நிறுத்திக்கொண்டேன். செத்தவளுக்கு எழுதுகிறாள், ஆகவே புத்தி கலங்கிவிட்டது என்பாள் என் மருமகள். பதில் வரும் என்று நம்புகிறவர்கள்தான் எழுதுவார்கள் என்பது அவள் விழுங்கும் வாக்கியம்.

அன்று என் பேச்சிலிருந்த ஓட்டையை மட்டும் காட்டினாயா, தெரிந்துதான் சொன்னாயா? அவர் போன வீடு உன்னுடையதா? உன் கணவர் வங்கி வேலையில் வெளியூரிலேயே இருந்தார். உன் வீட்டிலிருந்து அப்போது யாரும் தோல் வேலைக்குப் போகவில்லை. திரைச்சீலை என்று சொல்லியிருக்கலாம். தலையணை என்றாய்.

பதிலை எழுத்தில் அனுப்பு.