ஆளுக்கொரு தனிப் பாடம்

இலுப்பூர்
12-7-1958

அன்புள்ள அப்பாவுக்கு வணக்கம். நான் சுகம். முழங்கால் வலி தேவலையா? துணி துவைக்கிறேன் என்று கண்மாய்த் தண்ணீரிலேயே நிற்காதீர்கள்.

எங்கள் தலைமையாசிரியர் சென்னையில் பயிற்சி முடித்து வந்திருக்கிறார். ஒவ்வொரு மாணவனுக்கும் அவன் திறமைக்கேற்ற தனிப் பாடம் தர வேண்டுமாம். நல்ல யோசனைதான், இவர் மண்டைக்குள் போனதுதான் கேடு. திறமையைக் கண்டுபிடிக்க இவர் கேட்கும் ஒரே கேள்வி, "ஒங்கப்பன் என்ன வேல பாக்குறான்?" கணக்கில் வாத்தியாரான என்னையே மடக்கும் ராக்கன், மாடு மேய்ப்பவர் மகன் என்பதால் வகுப்பை விட்டுப் பள்ளித் தோட்டத்தில் மண்வெட்டி பிடிக்கிறான்.

"இதுல பையனோட தெறம எங்க சார் வருது?" என்று கேட்டேன்.

"ஒங்க அப்பா என்ன செய்றாரு?" என்று சிரித்தார்.

சொன்னேன். மறுநாள் அவர் வீட்டு அழுக்குத் துணி மூட்டை என் அறை வாசலில் கிடந்தது.

கவலைப்படாதீர்கள், சண்டை போடவில்லை. மூட்டையை அவர் மேசைமேல் வைத்துவிட்டு, ராக்கனை வகுப்புக்குக் கூட்டி வந்துவிட்டேன். அதிலிருந்து இங்கே யாரும் என்னோடு பேசுவதில்லை.

இந்தப் பக்கம் வருகிறவர்களிடம் அம்மாவின் நார்த்தங்காய் ஊறுகாயும், துணி வெளுக்கக் கொஞ்சம் உவர்மண்ணும் கொடுத்தனுப்புங்கள். தபால் எடுக்கும் நேரமாகிவிட்டது. என் சட்டையை எத்தனை முறை துவைத்தாலும் காலர் அழுக்கு போகமாட்டேன் என்கிறது. அப்பன் தொழில் மகனுக்குத் தானாக வரும் என்கிற அந்த மேதாவி இதை வந்து பார்க்க வேண்டும்.

உங்கள் மகன்,
சோலையப்பன்