டிரங்குப் பெட்டியில் ஒரு சட்டை

செஞ்சி,
18-1-1964, சனிக்கிழமை.

என் கணவர் அவர்களுக்கு வேதநாயகி எழுதுவது.

உங்கள் கடிதம் நேற்றுக் கிடைத்தது. சேலத்தில் உங்கள் அண்ணன் வீட்டில் நன்றாகப் பசி எடுக்கிறது, தூக்கமும் வருகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். ரொம்ப சந்தோஷம். இங்கே இரண்டும் இல்லை. எழுத்து கோணல்மாணலாக இருப்பதைப் பார்த்து, அழுதுகொண்டே எழுதுகிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். அழவில்லை. காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

பொங்கல் வந்தது, போனது. மங்கைக்காக ஒரு படி அரிசி பொங்கினேன். "நைனா எப்பம்மா வரும்?" என்று ஆறு வயதுப் பெண் கேட்கிறாள். உடம்பு சரியில்லை, லீவு போட்டுப் போயிருக்கிறார் என்று நீங்கள் சொல்லிக்கொடுத்த பொய்யையே அவளிடமும் சொன்னேன். இனிமேல் அது என் வாயில் வராது.

ஹெட்மாஸ்டர் உங்கள் விலாசம் கேட்டு வீட்டுக்கு வந்திருந்தார். நீங்கள் எழுதிக் கொடுத்துவிட்டுப் போன அறிக்கையை வாங்கிப் படித்தேன். லேப் அட்டெண்டர் ஜகபர் அலி யாரையும் கேட்காமல் பீனால் திராவக பாட்டிலை வெயிலில் வைத்தாராம், தானே திறந்து தன் மேல் ஊற்றிக்கொண்டாராம், நீங்கள் அந்த நேரம் ஒன்பதாம் வகுப்பில் பாடம் நடத்திக்கொண்டிருந்தீர்களாம். எவ்வளவு அழகான கையெழுத்து உங்களுக்கு! பதினான்கு வருஷம் அந்த ஆய்வுக்கூடத்தில் கண்ணாடிக் குழாய் கழுவிய மனிதரை நாலு வரியில் தீர்த்துவிட்டீர்கள். அவரை சஸ்பெண்ட் செய்துவிட்டார்கள். வருகிற வெள்ளிக்கிழமை கடலூரிலிருந்து அதிகாரி வந்து விசாரிக்கிறார். குற்றம் அவர் மேல்தான் என்று முடிந்தால் வேலை போய்விடும்.

பாட்டிலை வெயிலில் வைக்கும் யோசனை எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியாதா? அன்று காலையில் தேங்காய் எண்ணெய் மார்கழிக் குளிரில் உறைந்துவிட்டது என்று, பாட்டிலைக் கொண்டுபோய் நம் வீட்டுப் பின்னால் பாறையில் வைத்தேன். நீங்கள் சவரம் செய்துகொண்டே பார்த்தீர்கள். இந்த ஊரில் எல்லோரும் செய்வதுதான். பள்ளிக்கூடத்துக்குப் போனால் பீனாலும் கல்லாக உறைந்து கிடந்தது. மறுநாள் பரீட்சைக்கு வேண்டும். உடனே அதையும் பள்ளிக்குப் பின்னால் இருக்கிற பாறைக்கு அனுப்பிவிட்டீர்கள். நான் அடைப்பைத் தளர்த்திவிட்டு எண்ணெயை வைத்தேன். அதை மட்டும் நீங்கள் பார்க்கவில்லை. எண்ணெய் கொட்டினால் கோலப்பொடி போட்டுத் துடைக்கலாம். உங்கள் சரக்கு அப்படியா?

வியாழக்கிழமை பஸ் ஏறிப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஜகபர் அலியின் மனைவி முன்னி வாசலிலேயே மறித்துக்கொண்டாள். "இன்னாத்துக்கு வந்த? செத்துட்டானா இருக்கானான்னு பாத்துட்டு வரச் சொல்லி அனுப்புனாரா ஒன் ஊட்டுக்காரரு?" என்று அத்தனை பேர் எதிரில் கேட்டாள். நான் கொண்டுபோன கஞ்சித் தூக்கைக் காலால் ஒதுக்கினாள். அவளை ஒன்றும் சொல்ல மாட்டேன். அவள் இடத்தில் நான் இருந்திருந்தால் தூக்கை எடுத்து மூஞ்சியில் வீசியிருப்பேன்.

அலி பாய் பேசுகிற நிலையில் இருந்தார். நடந்ததை அவர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். அவர் தரையில் குந்திக்கொண்டு பாட்டிலை இரண்டு தொடைக்கு நடுவில் இடுக்கிப் பிடித்தாராம். நீங்கள் குனிந்து இறுகிப்போன மூடியைத் திருகினீர்களாம். உள்ளே சூடாகி முட்டிக்கொண்டிருந்தது பீச்சி அடித்து, அவர் தொடையெல்லாம் நனைந்து, உங்கள் வலது கையிலும் பட்டதாம். ரப்பர் கையுறை எங்கே என்று கேட்டேன். ஸ்டாக் பார்க்க வருகிறவர்கள் எண்ணும்போது புதிதாக இருக்க வேண்டும் என்று நீங்கள் அதை பீரோவில் பூட்டி வைத்திருக்கிறீர்கள். கையுறை புதிதாகவே இருக்கிறது, கவலைப்படாதீர்கள்.

அவருக்கு எரியவே இல்லையாம். "மொதல்ல ஒண்ணுமே தெரியலம்மா. தோலு வெள்ளையா ஊறுன மாதிரி ஆச்சு, மரத்துப் போச்சு, அவ்ளோதான்" என்றார். அந்த மருந்து முதலில் உணர்ச்சியைக் கொன்றுவிட்டுப் பிறகுதான் தோலைத் தின்னுமாம். தோல் வழியாகவே உள்ளேயும் இறங்குமாம். வலி இல்லையே என்று சும்மா இருக்கக் கூடாது, நனைந்த துணியை உடனே அவிழ்க்க வேண்டும், நிறையத் தண்ணீரை விடாமல் ஊற்ற வேண்டும், ஈரத் துணியால் துடைத்தால் பரவும். இதையெல்லாம் டாக்டர் சொல்லவில்லை. படுக்கையில் கிடந்தபடி அலி பாய் எனக்கு ஒப்பித்தார். எங்கே படித்தீர்கள் என்றேன். "சார் எழுதி செவுத்துல மாட்டி வெச்சிருக்குதும்மா. டெய்லி நான்தானே தூசி தட்டுறேன்" என்றார்.

எழுதி மாட்டிய நீங்கள் என்ன செய்தீர்கள்? ஒரு ஈரத் துணியை அவரிடம் கொடுத்தீர்கள். தாழ்வாரத்தில் பெண்பிள்ளைகள் நின்றதால் அவர் கால்சட்டையை அவிழ்க்கக் கூச்சப்பட்டார். கதவைச் சாத்தி அவிழ்க்கச் சொல்வதை விட்டுவிட்டு, "எரியலல்ல? காஞ்சிடும், போய் மேசையெல்லாம் அடுக்கு" என்று சொன்னீர்கள். நனைந்த கால்சட்டையோடு அந்த மனிதர் மேசை அடுக்கினார். சாயங்காலம் மயங்கி விழுந்தார். சிறுநீர் கடுங்காப்பி மாதிரி கறுப்பாகப் போயிருக்கிறது. உயிர் தப்பிவிட்டது. வலது தொடை கறுத்து உரிகிறது. இனிமேல் குந்தி எழ முடியுமா என்பது தெரியவில்லை.

இது பதற்றத்தில் நடந்துவிட்டது என்று என் மனதைத் தேற்றிக்கொண்டுதான் திரும்பி வந்தேன். பஸ்ஸை விட்டு இறங்கினால், பள்ளிக்கூடத்துக்குத் தண்ணீர் எடுக்கிற மாரியம்மாள் எதிரே வந்தாள். "ஐயா கை தேவலாமாம்மா? அன்னிக்கு கெணத்தாண்ட உக்காந்துக்கினு ஊத்து ஊத்துன்னாரு. இருவது வாளி சேந்துனேன், இடுப்பே உட்டுப்போச்சு" என்றாள். எனக்கு அங்கேயே காறித் துப்ப வேண்டும் போல இருந்தது. உங்கள் கைக்கு இருபது வாளி. அவருக்கு ஒரு கந்தல் துணி. அந்தக் கிணற்றடிக்கும் ஆய்வுக்கூடத்துக்கும் எத்தனை அடி தூரம்? அவரையும் பிடித்து இழுத்துக்கொண்டு போயிருந்தால் உங்கள் மானம் போயிருக்குமா?

அன்று நீங்கள் துண்டைப் போர்த்திக்கொண்டு வந்தீர்கள். கிணற்றடியில் குளித்துவிட்டு வந்தேன் என்றீர்கள். சட்டையைச் சுருட்டி வாளியில் அழுக்குத் துணிக்கு அடியில் திணித்துவிட்டு, அதில் என்ன பட்டது என்று சொல்லாமல் போய்ப் படுத்துக்கொண்டீர்கள். நான் அதில் வெந்நீர் விட்டு, சோடாக்காரம் போட்டுக் கசக்கிப் பிழிந்தேன். ஆஸ்பத்திரி வாடை அடித்தது. உள்ளங்கை வெள்ளையாகிச் சுருங்கியது. வலிக்கவில்லை. சோடா அதிகமாகிவிட்டது என்று நினைத்தேன். மறுநாள் தோல் பழுப்பாகி உரிந்தது. கட்டைவிரலிலும் ஆள்காட்டி விரலிலும் இன்றுவரை உணர்ச்சி இல்லை. பேனா நழுவுகிறது. எழுத்து கோணலானதற்குக் காரணம் இதுதான். முன்னி என் கையைப் பார்த்த பிறகுதான் என்னை உள்ளே விட்டாள். "ஒனக்குமா?" என்று மட்டும் கேட்டாள்.

அந்தப் பழைய சட்டையைப் பாத்திரக்காரனிடம் போட்டு ஒரு டம்ளராவது வாங்கிக்கொள் என்று உங்கள் கடிதத்தின் கடைசியில் எழுதியிருக்கிறீர்கள். மனைவியின் சமையலறையில் இவ்வளவு அக்கறை உங்களுக்கு எப்போது வந்தது? போன தீபாவளிக்கு எடுத்த சட்டை அது. டம்ளர் வாங்கவில்லை. வலது கை முழுக்கப் பழுப்புக் கறையோடு என் டிரங்குப் பெட்டியில் பூட்டி வைத்திருக்கிறேன். ஒன்பதாம் வகுப்பில் பாடம் நடத்தியவர் சட்டையில் அந்தக் கறை எப்படி வந்தது என்று அதிகாரி கேட்கட்டும்.

உங்கள் சம்பளத்தில்தான் நம் வீட்டு உலை கொதிக்கிறது. மங்கை படிப்பதும் அதில்தான். தெரியாமல் எழுதவில்லை. இரண்டு ராத்திரி இதையே புரட்டிப் பார்த்துவிட்டேன். ஆனால் அலி பாய் இன்னும் யாரிடமும் உங்களைப் பற்றி வாய் திறக்கவில்லை. அறிக்கையில் என்ன இருக்கிறது என்றுகூட அவருக்குத் தெரியாது. முன்னி சொல்ல வாய் எடுத்தாலும் அதட்டி அடக்குகிறார். கிளம்பும்போது என்னிடம், "நீங்க பயப்படாதீங்கம்மா. சார் வரட்டும். அவரே வந்து நடந்தத சொல்லிடுவாரு" என்றார். அந்த நம்பிக்கைதான் என்னைக் கொல்கிறது. அதற்கு நான் என்ன பதில் சொல்வேன், சொல்லுங்கள்.

சேலத்திலிருந்து வியாழக்கிழமை காலையில் புறப்பட்டால் சாயங்காலம் செஞ்சியில் இருக்கலாம். வாருங்கள். வெள்ளிக்கிழமை நீங்களே எழுந்து நின்று சொல்லுங்கள். வேலை போனால் போகட்டும். நான் அப்பளம் இட்டாவது சோறு போடுவேன். உங்கள் கைப் புண்ணுக்கு மருந்தும் போடுவேன். உங்களைத் திட்டுவதை நிறுத்துவேன் என்று மட்டும் இப்போது வாக்குக் கொடுக்க முடியாது.

வராவிட்டால் சட்டையை எடுத்துக்கொண்டு நான் போவேன். யாருடைய சட்டை என்று அதிகாரி கேட்பார். கல்யாணமாகி எட்டு வருஷத்தில் உங்கள் பெயரை நான் ஒரு தடவைகூட வாயால் சொன்னதில்லை. ரேஷன் கார்டுக்கு வந்தவனிடம்கூடப் பக்கத்து வீட்டுக்காரியைத்தான் சொல்ல வைத்தேன். முதல் தடவையாக அதை அந்த இடத்தில், அந்தக் கேள்விக்குப் பதிலாக என்னைச் சொல்ல வைத்துவிடாதீர்கள்.

கடவுள் உங்களுக்கு நல்ல புத்தியும், வியாழக்கிழமை பஸ்ஸில் ஒரு இடமும் கொடுக்கட்டும்.

இப்படிக்கு,
வெள்ளிக்கிழமை காலை வரை வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கும்,
வேதநாயகி.